மன் பயணம்: சனி இரவு 8 மணி

வணக்கம் நண்பர்களே. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டில் இந்த வாரம் மன் நிலவில் இறங்கித் திரும்புகிறோம். சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் குழு அழைப்பில் சந்திப்போம்.

1. ராக்கெட்டை முன்பே கட்டி வையுங்கள். மோட் (விளையாட்டில் சேர்க்கும் கூடுதல் நிரல்) எதுவும் வேண்டாம்.

2. நாம் கிளம்பும் கோளான கெர்பினைச் சுற்றி 80 கி.மீ. உயரப் பாதையை எட்டவே சுமார் 3,400 மீ/வி டெல்டா-வி (ராக்கெட்டின் வேகத்தை மாற்றும் திறன்) போய்விடும். போய்த் திரும்ப மொத்தம் 6,000க்கு மேல் ஆகும். 7,000 இருந்தால் நிம்மதி.

3. மன்னில் காற்று கிடையாது, பாராசூட் அங்கே உதவாது. எஞ்சினை எரித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். லேண்டர் குட்டையாக, கால்கள் அகலமாக இருக்கட்டும். ஒல்லியான நெட்டை லேண்டர் சரிவில் சாய்ந்தால் அப்புறம் மீட்புப் பயணம்தான்!

4. இறங்கும் முன் எஃப்5 அழுத்திச் சேமியுங்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் ராக்கெட் படத்துடன் பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் போதாது.