அறுபது கோல் விழுந்தால் கோல்கீப்பர் சும்மா நின்றார் என்று பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் ஆண்கள் ஹேண்ட்பால் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகா பற்றித் தங்கள் இதழ் முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருக்கிறது. பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் இந்த ஆட்டத்துக்குத் தமிழில் ஒரு பக்கம் கிடைப்பதே அரிது. நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு வரி நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது: "ஓர் ஆட்டத்தில் 60 கோல் விழுகிறது, கோல்கீப்பர்கள் பெயருக்குத்தான் நிற்கிறார்கள்."

கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே வேலையாகக் கொண்டவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோலின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். பெரிய லீக்குகளில், தூரத்திலிருந்து எறியும் பேக் ஆட்டக்காரர்களின் ஷாட் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் 9 மீட்டர் கோட்டிலிருந்து கிளம்பும் பந்து கோலைத் தொட ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆடுகள ஓரமான விங்கிலிருந்தோ, கோலுக்கு நேர் முன்னுள்ள லைனிலிருந்தோ 6 மீட்டர் கோட்டுக்குள் பாய்ந்து, கால் தரையில் படுமுன் எறிபவருக்கும் கீப்பருக்கும் இடையில் மூன்று, நான்கு மீட்டர்தான் மிஞ்சும். பந்து கிளம்பிய பிறகு கையைத் தூக்கினால் பந்து ஏற்கெனவே வலைக்குள் இருக்கும். எறிபவர் எந்தக் காலில் எழும்புகிறார், முழங்கை எவ்வளவு பின்னால் போகிறது, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, பந்து கையை விட்டுப் பிரியும் நேரத்திலேயே கீப்பர் நகர்ந்தாக வேண்டும். அதுவும் கோட்டின் மேல் நின்றுகொண்டு அல்ல. அரை மீட்டர், ஒரு மீட்டர் முன்னால் வந்து, பந்து இடம் மாறும்தோறும் வில்போல் வளைந்த பாதையில் சிறு அடிகளாக நகர்ந்தபடி. ஒரு அடி பிந்தினாலும் ஒரு மூலை திறந்துவிடும்.

தடுப்பாட்டக்காரர்களுடன் உள்ள ஒப்பந்தம் வேறு இருக்கிறது. தூரத்து ஷாட்டில் எந்த மூலையை அவர்கள் தூக்கிய கைகளால் மறைப்பது, எந்த மூலை கீப்பருக்கு என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். தடுப்பவர் கையைக் கொஞ்சம் முன்னதாக இறக்கிவிட்டால், கீப்பர் நம்பி விட்டுவைத்த மூலையில் பந்து நுழையும். கேலரியில் இருப்பவர்கள் கீப்பரைத் திட்டுவார்கள். தங்கள் கட்டுரையாளரும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த ஆட்டத்தில் கோலை நோக்கி வரும் பத்து ஷாட்டில் மூன்றைத் தடுப்பவர் நல்ல கீப்பர். நான்கைத் தடுத்தால் அன்றைய ஆட்டம் அவருடையது. ஓர் அணியின் கோலுக்கு 40 ஷாட் வருகிறது என்று வையுங்கள். 12 சேவ் என்றால் 28 கோல். 8 சேவ் என்றால் 32. மற்ற ஆறு பேரும் ஒரே மாதிரி ஆடியிருந்தாலும் அந்த நான்கு கோல் வித்தியாசம் கீப்பரிடமிருந்தே வருகிறது.

2013-14 புண்டஸ்லிகா பருவம் தங்களுக்கு நினைவிருக்கும். 18 அணி, அணிக்கு 34 ஆட்டம். கடைசி நாள் ஆட்டங்களுக்கு முன் ரைன்-நெக்கர் லோவன் அணி கோல் வித்தியாசத்தில் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்த கணக்கு) கீல் அணியைவிட 7 கோல் முன்னால் இருந்தது. லோவன் 40-35 என்று கும்மர்ஸ்பாக்கை வென்றது. கீல் 37-23 என்று பெர்லின் அணியை நொறுக்கியது. இரண்டுக்கும் ஒரே புள்ளிகள். வெறும் 2 கோல் வித்தியாசத்தில் கோப்பை கீலுக்குப் போனது. 34 ஆட்டத்தில் லோவன் கீப்பர்கள் இன்னும் மூன்றே மூன்று பந்தைத் தடுத்திருந்தால் சாம்பியன் மாறியிருக்கும். பெயருக்கு நிற்பவர்களின் கையில் இருந்தது அந்த மூன்று பந்து.

கீல் அணியைக் கட்டுரை மனமாரப் புகழ்ந்திருக்கிறது, மகிழ்ச்சி. அந்த அணியில் ஆடிய காலத்தில் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற கோல்கீப்பர்கள் மூவர்: 2004-ல் ஹென்னிங் ஃபிரிட்ஸ், 2008-ல் தியெரி ஓமயே, 2019-லும் 2021-லும் நிக்லாஸ் லாண்டின். மூவரில் ஒருவர் பெயராவது அந்த முழுப் பக்கத்தில் இல்லை.

இது இன்று வந்த குறையும் அல்ல. முன்பொரு முறை காலியான கோலுக்குள் பந்து உருளும் படத்தைப் போட்டு, "கோல்கீப்பர் இடத்தில் இல்லை" என்று எழுதினீர்கள். கீப்பரை பெஞ்சுக்கு அழைத்துக்கொண்டு ஏழாவது ஆட்டக்காரரைத் தாக்குதலுக்கு இறக்குவது பயிற்சியாளரின் முடிவு. 2016 விதி மாற்றத்துக்குப் பிறகு அந்த ஏழாவது ஆள் கீப்பரின் நிறத்தில் மேலங்கிகூடப் போட வேண்டியதில்லை. பந்து பறிபோனால் கீப்பர் பெஞ்சிலிருந்து எழுந்து, நடுக்கோட்டிலிருந்து நாலரை மீட்டருக்குள் இருக்கும் மாற்று எல்லை வழியாகவே உள்ளே வந்து கோலுக்கு ஓட வேண்டும். வெளியேறுபவர் கோட்டைத் தாண்டுமுன் இவர் கால் வைத்துவிட்டால் 2 நிமிடத் தண்டனை. அந்தப் படத்தில் இருந்தது கீப்பரின் அலட்சியம் அல்ல, பந்தைத் தவறவிட்ட தாக்குதலின் பிழை.

இன்னொரு முறை, நடுவர் "காரணமின்றி" பந்தை எதிரணிக்குக் கொடுத்ததாகச் செய்தி. ஷாட் எடுக்காமல் நேரம் கடத்தும் அணியை நடுவர் கையை உயர்த்தி எச்சரித்த பிறகு நான்கு பாஸுக்குள் ஷாட் எடுக்க வேண்டும்; 2022 ஜூலைக்கு முன்பு ஆறு. இதை நான் சொல்லித்தான் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

2023 ஜூனில் ஜெய்ப்பூரில் நம் நாட்டின் பிரீமியர் ஹேண்ட்பால் லீக் நடந்தது. ஆறு அணி, 33 ஆட்டம். மகாராஷ்டிரா அயர்ன்மென் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டுக்கு அணி இல்லை என்ற வருத்தம் எங்களுக்கு இருந்தது. தங்கள் பக்கங்களில் அதற்கு நான்கே வரி வந்த வருத்தம் அதைவிடப் பெரிது.

ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். பள்ளிகளில் ஓட முடியாத, யாரும் அணியில் சேர்க்காத பையனைத்தான் கோலில் நிறுத்துகிறார்கள். அடிவயிற்றுக் கவசம் வாங்கித் தருவதில்லை. 54-56 செ.மீ. சுற்றளவுள்ள 2-ஆம் எண் பந்தில் ஆட வேண்டிய வயதில், 58-60 செ.மீ. வரும் 3-ஆம் எண் பந்தை முகத்துக்கு நேரே எறியவிடுகிறார்கள். இரண்டு நாளில் அவன் பந்து வரும்போது கண்ணை மூடித் தலையைத் திருப்பக் கற்றுக்கொள்வான். அந்தப் பழக்கத்தைப் போக்க, முதலில் டென்னிஸ் பந்து, பிறகு காற்று குறைத்த பந்து, இடுப்புக்குக் கீழே மட்டும் ஷாட் என்று பல வாரம் பொறுமையாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கோலைத் தரையோடு பிணைக்காமல் நிறுத்திவிட்டு, அவன் குறுக்குக்கம்பியில் தொங்கினால் சாயும் என்ற ஆபத்தையும் யாரும் நினைப்பதில்லை. இப்படி மிச்சம் மீதியாக ஒதுக்கப்பட்ட பையன், "பெயருக்குத்தான் நிற்கிறார்கள்" என்று அச்சில் படித்தால் என்ன நினைப்பான்?

மறுப்பு வெளியிடச் சொல்லவில்லை. இனி ஹேண்ட்பால் முடிவுகளை அச்சிடும்போது, இறுதி ஸ்கோருக்குப் பக்கத்தில் இடைவேளை ஸ்கோரையும், இரு கீப்பர்களும் எத்தனை ஷாட்டில் எத்தனையைத் தடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். புண்டஸ்லிகா ஆட்டக் குறிப்புகளில் அந்த எண்கள் ஆட்டம் முடிந்த சற்று நேரத்தில் கிடைத்துவிடுகின்றன. அரை வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஹேண்ட்பால் பயிற்சியாளர் ஒருவர்,
சேலம்.