பழங்காடு வாங்குமுன் தரையையும் பாதையையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளைப் படிப்புக்கும் வேலைக்குமாக இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அனுப்பிவிட்ட நம் குடும்பங்களில், அங்கே அவர்கள் பெயரில் ஒரு துண்டு நிலமாவது வாங்கிப்போட வேண்டும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. வீடு வாங்கக் கட்டுப்படியாகாதவர்களின் கண்ணில், வீட்டைவிடப் பலமடங்கு மலிவாகத் தெரியும் சிறு காடுகள் படுகின்றன. என் அக்காள் மகன் மேற்கு வேல்ஸின் கார்மர்தன்ஷயர் வட்டாரத்தில் நான்கு ஏக்கர் பழங்காடு, அதாவது பழமையான காடு, ஒன்றை, பினாங்குத் தீவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் வாங்கியிருக்கிறான். கடந்த மே மாதம் இரண்டு வாரம் அவனோடு தங்கி, அந்தக் காட்டில் நடந்தும், அது கைக்கு வருமுன் அவன் பட்ட பாட்டைக் கேட்டும் அறிந்தவற்றை, அதே எண்ணத்தில் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பழங்காடு என்றதும் ஆலமரம்போல் பருத்த மரங்கள்தாம் நம் மனத்தில் தோன்றும். அங்கே அச்சொல்லுக்குப் பொருள் வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1600ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் காடாகவே இருந்துவரும் நிலத்தைத்தான் பழங்காடு என்கிறார்கள். அதற்கு முன்னர் மரம் நட்டுக் காடு வளர்க்கும் வழக்கம் அரிது என்பதால், அப்போது காடாக இருந்த நிலம் அதற்கும் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே காடாக இருந்திருக்கும் என்பது கணக்கு. எண்ணப்படுவது மண்ணின் வயது. மரங்கள் பலமுறை வெட்டப்பட்டு, இன்று நிற்பவை நாற்பது ஐம்பது ஆண்டு மரங்களாகவே இருந்தாலும் அது பழங்காடுதான். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் காடு பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து மரத்தையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், குனிந்து பார்ப்பதில்லை.

என் அக்காள் மகன் என்னை முழந்தாளிடவைத்துத்தான் காட்டைக் காட்டினான். சருகை விரலால் விலக்கினால், நம் தோட்டத்து மண்போல் கெட்டித்துக் கிடக்காமல், கருத்து, ஈரமாக, விரல் முழுதும் உள்ளே போகும்படி பொதுபொதுவென்று இருந்தது. அதன்மேல் புளூபெல் என்னும் நீலமணிப் பூக்கள், தலை கவிழ்ந்த தண்டுகளோடு, ஓடை வரையில் பாய் விரித்தாற்போல் பூத்திருந்தன. விதையிலிருந்து முளைத்துப் பூக்க அச்செடிக்கு ஐந்தாண்டுகள்போல் ஆகுமாம். இலையை மிதித்து நசுக்கிவிட்டால் கிழங்கு மெலிந்துபோகிறது. அதனருகே வெள்ளை அனிமோன்கள் இருந்தன. விதையால் அதிகம் பரவாத அச்செடி, மண்ணுக்குள் கிழங்கை நீட்டி நீட்டி, நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு அடிதான் நகர்கிறது. நாங்கள் பார்த்த பரப்பு எங்கள் வரவேற்பறையைவிடப் பெரியது. அது அங்கே எத்தனை தலைமுறைகளாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று எண்ணியபோது கால்வைக்கவே கூசியது. இவற்றைக் காசு கொடுத்து வாங்கி நட்டு வேறோரிடத்தில் பழங்காட்டை உண்டாக்க முடியாது.

மரங்களும் வேறு மாதிரிதான். ஹேசல் என்னும் புதர்மரத்தைக் கணுக்காலளவில் வெட்டிவிடுகிறார்கள். கரும்பும் நெல்லும் மறுதாம்பு விடுவதுபோல் அடிக்கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து கழிகள் நேராகக் கிளம்புகின்றன. ஏழெட்டு ஆண்டு கழித்து மறுபடி வெட்டலாம். இப்படி வெட்டப்பட்டே அந்த அடிக்கட்டை, வெட்டாமல் விட்ட ஹேசலைவிட மிக நீண்ட காலம் உயிரோடிருக்கிறது. வெட்டிய இடத்தில் வெயில் விழ, அடுத்த இரண்டு மூன்று வசந்தங்களில் பூ மிகுகிறது. காட்டை நேசிப்பவன் கத்தியே எடுக்கக்கூடாது என்ற நினைப்போடு போன எனக்கு இது புதுப் பாடமாக இருந்தது.

காட்டின் ஒரு மூலையில், ஏறக்குறைய ஓர் ஏக்கரில், ஊசியிலை மரங்கள் வரிசைபிடித்து நிற்கின்றன. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு மரத் தட்டுப்பாடு வந்து, 1919இல் அரசு வனத்துறை ஆணையம் அமைத்த பிறகு, விரைவில் பலன் தரும் என்று பழங்காடுகள் பலவற்றிலும் இவற்றை நட்டார்கள். அங்கே நின்றபோது எனக்குச் சிறுவயதுத் தோட்டம் நினைவுக்கு வந்தது. ரப்பர்த் தோட்டத்தைப் பால்மரக் காடு என்று நாம் வாய் நிறையச் சொன்னோமே தவிர, அதுவும் இப்படித்தான்: நிரை நிரையாக ஒரே மரம், ஒரே வயது, அடியில் இருட்டு. ஆனால் இந்த மூலையை வாங்குபவர்கள் வெறுத்துவிடவும் வேண்டாம், அவசரப்பட்டு மொட்டையடித்துவிடவும் வேண்டாம். ஊசிச் சருகின் கீழே பழைய மண்ணும் சில கிழங்குகளும் இன்னும் உயிரோடிருக்கும். ஒரேயடியாக வெட்டினால் திடீரென்று விழும் வெயிலில் முட்செடி மண்டி அவற்றை மூடிவிடும் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சில மரங்களாகக் களைந்துதான் மீட்கிறார்கள்.

இனிப் பாதை. இவன் முதலில் விலைபேசிய காடு வேறு. விற்பனை முகவர் ஒருவர் பூக்காலத்தில் எடுத்த படங்களைக் காட்டி, கேட்டவர்கள் பலர் இருக்கிறார்கள், இந்த வாரமே முன்பணம் வேண்டும் என்று நெருக்கினார். வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்த்தபோது, சாலையிலிருந்து காடு வரையில் பக்கத்துப் பண்ணையின் ஊடாக நடந்து செல்லும் உரிமை மட்டுமே எழுதப்பட்டிருந்தது. வண்டி போக உரிமை இல்லை. வெட்டிய மரத்தைத் தலைச்சுமையாகவா கொண்டுவர முடியும்? அதைக் கேட்டபோது முகவர், பண்ணைக்காரர் நல்லவர், ஒன்றும் சொல்லமாட்டார் என்றாராம். நல்லவர் நிலத்தை விற்றுவிட்டுப் போனால் அடுத்து வருகிறவரும் நல்லவராக இருப்பார் என்று யார் எழுதிக்கொடுப்பார்கள்? அவன் அதைக் கைவிட்டான். வேட்டை உரிமையையும் நிலத்தடிக் கனிம உரிமையையும் பழைய உடைமையாளர் தம்மிடமே வைத்துக்கொண்டு மேல்நிலத்தை மட்டும் விற்பதும் அங்கே உண்டு. வேலியை யார் பராமரிப்பது என்பதும் பத்திரத்தில் பார்க்கவேண்டிய ஒன்று. அது செம்மறி நாடு, வேலி பழுதானால் ஆடுகள் உள்ளே புகுந்து முளைக்கும் கன்று ஒன்றையும் விட்டுவைக்காது.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். பழங்காட்டைத் திட்ட அனுமதி விதிகள் கடுமையாகக் காக்கின்றன. நம்முடைய மரத்தையே நம் விருப்பம்போல் வெட்டவும் முடியாது. 1967ஆம் ஆண்டு வனச் சட்டப்படி, மூன்று மாதத்தில் ஐந்து கன மீட்டர் வரை, அதிலும் விற்பது இரண்டு கன மீட்டருக்கு மிகாமல், உரிமமின்றி வெட்டலாம். அதற்குமேல் வேல்ஸ் இயற்கை வளத்துறையின் உரிமம் வேண்டும். தனியாகப் பாதுகாப்பு ஆணை இடப்பட்ட மரமென்றால் அதற்கு வேறு அனுமதி. டார்மவுஸ் எனப்படும் பொன்னிறச் சிற்றெலி குளிர்காலம் முழுதும் தரையில் சருகுக்கடியில் சுருண்டு உறங்குகிறது. அதைக் கலைப்பதுகூடக் குற்றம். பிரிட்டனில் 2012இல் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட பூஞ்சை நோயால் ஆஷ் மரங்கள் பட்டுக்கொண்டிருக்கின்றன. சாலையோரமாகவோ பொதுப் பாதையோரமாகவோ அப்படி ஒரு மரம் நின்று யார்மீதாவது விழுந்தால் உடைமையாளர் பொறுப்பாக நேரிடும் என்பதால், வாங்குமுன் ஆஷ் மரங்களை எண்ணிவிடுவது நல்லது.

காடு உண்மையிலேயே பழையதா என்று நாமே ஓரளவு பார்க்கவும் வழியுண்டு. விளைச்சலில் திருச்சபைக்குக் கொடுத்த பத்திலொரு பங்கைப் பணமாக மாற்ற 1836இல் சட்டம் வந்தபோது ஊர் ஊராக வரைபடம் வரைந்தார்கள். வேல்ஸின் வரைபடங்கள் அபெரிஸ்த்வித் நகரிலுள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன, கணினியிலேயே பார்க்கலாம். இவனுடைய நான்கு ஏக்கரும் அதில் அதே வளைந்த எல்லையோடு, வெல்ஷ் மொழியில் காட்டைக் குறிக்கும் கோய்ட் என்ற சொல் சேர்ந்த பெயரோடு இருந்தது. அந்தப் பெயரைக் கண்ட பிறகுதான் அவன் விலை பேசினான்.

இவ்வளவும் நான் எழுதக் காரணம் ஒரு பழைய வலி. பல ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் நடந்த விளக்கக் கூட்டத்திற்கு என் மைத்துனரோடு நானும் போயிருந்தேன். இங்கிலாந்தில் வயலைச் சிறு மனைகளாகக் கூறுபோட்டு, விரைவில் குடியிருப்பு நிலமாக மாறும் என்று சொல்லி விற்றார்கள். என் மைத்துனர் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தைக் கொடுத்தார். அனுமதி வரவில்லை, வாங்குவாரும் இல்லை, பத்திரம் மட்டும் அலமாரியில் இருக்கிறது. அன்று பக்கத்து நாற்காலியில் இருந்த நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நம்மவர் நிலம் வாங்கத் தெரியாதவர்கள் அல்லர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960இல் அன்றைய மலாயா அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கியவர்கள் நம் தொழிலாளர்கள். என்ன வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பழங்காட்டை வாங்குகிறவருக்கும் அது தெரிந்திருந்தால், வாங்குவதை நான் மனமார வரவேற்கிறேன். நம் பிள்ளைகள் தாங்கள் வாழும் மண்ணில் ஒரு காட்டைப் பேணினால் அது நமக்குப் பெருமையே.

தங்கள் நாளிதழ் பிரிட்டிஷ் நிலச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு, வெளிநாட்டில் நிலம் வாங்குவது பற்றி வாசகர் கேள்விகளுக்கு வாரம் ஒரு பத்தி பதிலளிக்கச் செய்யவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். என் மைத்துனரின் பத்திரத்தை முதல் கேள்வியாக அனுப்பிவைக்க அவர் இசைந்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.