ரவை நிரப்பும் பிரஸை மாற்றுவது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரமலரில் அண்மையில் புலம்பெயர் வாசகர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர் தாம் சுட்ட துப்பாக்கி ரவைகளின் வெற்றுக் கோதுகளை வீட்டிலேயே மீள நிரப்புவதற்கு வைத்திருக்கும் கைப்பிரஸை விற்றுவிட்டு, தட்டுச் சுழலும் பெரிய பிரஸை வாங்குவதே எல்லோருக்கும் இலாபம் என்பது அவருடைய முடிவு. நான் துவக்குப் பிடித்தவன் அல்லன். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கடைசல் வேலை படிப்பித்து ஓய்வுபெற்றவன். ஆயினும் கனடாவில் முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்றுச் சுடுதல் கழகமொன்றில் பழகிவரும் என் தங்கையின் மகன், “பழைய பிரஸை மாற்றலாமா, மாமா?” என்று இதே கேள்வியை என்னிடம் கேட்டதாலும், அவனுடைய வீட்டு நிலவறையில் அந்த வேலையைப் பல மாலைகள் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பதாலும், “எல்லோருக்கும்” என்ற அந்தச் சொல்லை ஏற்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

ஒரு ரவைக்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கோது, அதன் அடியில் பொருந்தி, அடிபட்டதும் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. ஒருமுறை சுட்டபின் கோது மட்டுமே மிஞ்சும். அதை மறுபடியும் அளவுக்குக் கொண்டுவந்து, வாயைச் சற்று விரித்து, பிரைமர் ஏற்றி, மருந்து இட்டு, குண்டைப் பதிக்க வேண்டும். என் மருமகனிடம் இருக்கும் ஒற்றைநிலைப் பிரஸில், அதாவது அந்தக் கைப்பிரஸில், ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கான ஒரு அச்சுத்தான் பொருந்தும்; ஆகவே ஐம்பது கோதுகளையும் ஒரு வேலைக்கு இழுத்து முடித்து, அச்சை மாற்றி, மீண்டும் முதலாவது கோதிலிருந்து தொடங்குவான். நிதானமாகச் செய்தால் மணிக்கு அறுபது ரவை வரும். டில்லன், ஹோர்னடி போன்ற நிறுவனங்களின் சுழல்தட்டுப் பிரஸ்களிலோ அச்சுகள் எல்லாம் ஒரே தலையில் வரிசையாக நிற்க, கோதுகள் அவற்றின் கீழே நகர்ந்துகொண்டிருக்கும். தட்டு நிறைந்தபின் கைபிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு முழு ரவை விழும். மணிக்கு நானூறு என்பது மிகையில்லை.

இந்த நானூறைப் பார்த்துத்தான் கட்டுரையாளர் மயங்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். என் மருமகன் மாதத்துக்குச் சுடுவது ஏறத்தாழ இருநூறு. கைப்பிரஸில் அதற்கு மூன்று மணி இருபது நிமிடம் போகும். பெரிய பிரஸில் இழுக்கும் நேரம் அரை மணிதான் என்றாலும், பிரைமர்களைக் குழாயில் அடுக்குவது, மருந்தளவியைச் சரிபார்ப்பது, முதல் சில ரவைகளை அளந்து பார்ப்பது, முடிந்தபின் துடைப்பது என்று இன்னொரு மணி நேரம் போய்விடும். மிச்சம், மாதத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்காக ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைக் கொட்டுவது, இரண்டு ஏக்கர் வேளாண்மைக்குச் சொந்தமாக வெட்டு இயந்திரம் வாங்குவதற்கு ஒப்பானது. வாரம் முந்நூறு சுட்டுப் போட்டிகளுக்குப் போகிறவருடைய கணக்கு வேறு. அவருக்குக் கைப்பிரஸில் மாதம் இருபது மணி நேரத்துக்கு மேல் போகும். அவர் மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. தூரத்து இலக்குக்கு நீள்துப்பாக்கி சுடுவோரோ எத்தனை வசதியிருந்தாலும் ஒற்றைநிலைப் பிரஸையே விரும்புகிறார்கள். ஒவ்வொரு ரவையும் அடுத்ததைப் போலவே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கவலை.

கட்டுரை தொடாமல் விட்ட விடயம் ஒன்று இருக்கிறது; இந்தக் கடிதத்துக்கு முதற்காரணமே அதுதான். மருந்தின் எடையைக் கிரெயின் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது நம்மூர்ப் பொற்கொல்லரின் குன்றிமணி எடையில் ஏறத்தாழப் பாதிதான். கைத்துப்பாக்கி ரவைக்கு வேண்டியது அப்படிப்பட்ட சில கிரெயின்கள் மட்டுமே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கூடுதல் இடம் பிடிக்கும் பழைய கருமருந்துக்கு ஏற்ற அளவோடு பிறந்த .38 ஸ்பெஷல் என்ற ரவையினது போன்ற பெரிய கோதில் அது அடியில் ஒட்டிக் கிடக்கும். தவறுதலாக இரண்டு மடங்கு விழுந்தாலும் வெளியே வழியாது. இரட்டை மருந்து துப்பாக்கியையே பிளக்கும். மருந்தே விழாத கோதும் ஆபத்தானதே: பிரைமரின் உந்தலில் குண்டு குழலின் நடுவே போய்ச் சிக்கி நிற்க, அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். கைப்பிரஸ்காரன் மருந்திட்ட ஐம்பது கோதுகளையும் பலகையில் நிறுத்தி, குண்டைப் பதிப்பதற்கு முன் டோர்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்க்கிறான். ஒன்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் உடனே கண்ணில் படும். பெரிய பிரஸில் அந்தப் பார்வைக்குக் கிடைப்பது ஒரு கணம் மட்டுமே. மருந்தின் உயரத்தைத் தொட்டுப் பார்த்து எச்சரிக்கும் கருவிகள் உண்டுதான். ஆனால் அவற்றுக்குத் தட்டில் தனியாக ஒரு நிலை, அதாவது கோது நின்று ஒரு வேலை நடக்கும் இடம், வேண்டும். நான்கு நிலை கொண்ட பிரஸ்களில் அந்த இடத்தை ஒதுக்குவது சிரமம், ஐந்து நிலை கொண்டவற்றில் அது முடியும். வாங்கத் துணிந்தவர் வேகத்தை விசாரிப்பதற்கு முன் நிலைகள் எத்தனை என்று விசாரிப்பது நல்லது.

இதை நான் வெறும் ஏட்டறிவால் சொல்லவில்லை. கல்லடியில் சிறிய பட்டறை வைத்திருந்த காலத்தில், கையால் சுழற்றும் அழுத்தியில் வாஷர் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் கையில் பட்டுத்தான் பெட்டிக்குள் விழும். பிசிறு தட்டினால் விரலுக்கே தெரிந்துவிடும். மோட்டாரில் ஓடும் அழுத்தியை வாங்கிய முதல் வாரத்தில், அச்சின் ஓரம் நொறுங்கியது தெரியாமல் முந்நூறு வாஷர்களை வெட்டித் தள்ளிவிட்டேன். பிழை இயந்திரத்துடையதல்ல, கண்ணை எடுத்த என்னுடையது. வாஷர் கெட்டால் தகடு நட்டம், அவ்வளவுதான்.

செலவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இந்த அச்சுகளில் பெரும்பாலானவை ஓர் அங்குலத்தின் எட்டில் ஏழு பங்கு விட்டமும் அங்குலத்துக்கு 14 திருகுப் புரியும் கொண்டவை. எந்த நிறுவனத்தின் அச்சும் மற்றொன்றின் பிரஸில் ஏறும் அந்த ஒழுங்கைக் கண்டு, புரி வெட்டிப் பழகிய எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி உண்டானது. எனவே பழைய அச்சுகள் வீணாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. விலக்கும் உண்டு: டில்லனின் ஸ்குவேர் டீல் பிரஸ் தனக்கென்று வேறு அச்சுகளைக் கேட்கும். மேலும், பெரிய பிரஸில் ஒரு வகை ரவையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும்போதெல்லாம் தட்டும் துணை உறுப்புகளும் மாற வேண்டும். பிரஸின் விலையை மட்டும் எழுதிய கட்டுரையாளர் இவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே, அச்சுகள் எல்லாவற்றையும் ஒரு சுழலும் தலையில் ஏற்றி, ஒரு கோதை அது முடியும்வரை வைத்து வேலை செய்யும் டரட் பிரஸ் என்று ஒன்று இருப்பதையும் அவர் குறிப்பிடவில்லை. மணிக்கு நூற்றைம்பது வரும், விலையும் குறைவு; மருமகனுக்கு நான் காட்டிய வழி அதுதான். அவன் இன்னும் இணையத்தில் பெரிய பிரஸின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது வேறு விடயம்.

பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம் என்ற ஆறுதலையும் அப்படியே நம்புவதற்கில்லை. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனிநபர்கள் கைத்துப்பாக்கிகளை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. புதிதாகக் கைத்துப்பாக்கிக்காரர் உருவாகாத நாட்டில், அந்த ரவைக்கென்று வாங்கிய பிரஸை வாங்க ஆள் தேடுவது எளிதாக இராது. கோவிட் காலத்தில் பிரைமருக்கு வந்த தட்டுப்பாட்டையும் மறந்துவிடக் கூடாது. மணிக்கு நானூறு தரும் பிரஸ் பிரைமர் இல்லாமல் வெறும் இரும்புதான்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். படுவான்கரையிலும் அம்பாறையின் எல்லைக் கிராமங்களிலும் யானைக்கும் பன்றிக்கும் காவலாக அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். கனடாவில் ஒருவர் தன் சொந்தப் பாவனைக்கு ரவை நிரப்புவது அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இலங்கையிலோ அனுமதியின்றி வெடிபொருள் செய்வது 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தின்படி குற்றம். துவக்கும் தோட்டாவும் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அந்தக் கட்டுரையில் இதைச் சொல்லும் ஒரு வரிகூட இல்லை. அடுத்த வாரமலரில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது அதை வெளியிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறைப் போதனாசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.