பஞ்சு பொம்மைக்கு வயது வரம்பு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்து வயதுக்கு மேல் ஒரு பிள்ளை கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கினால் அது செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் அடையாளம், பிடுங்கி வைத்துவிட வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பிடுங்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரை வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், ஆல்டரேஷன்தான் தொழில். நடுநடுவே பிய்ந்த பொம்மைகளும் வரும். காது தொங்கிய முயல், வயிறு பிரிந்த கரடி, ஒரு கண் போன நாய். கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காலேஜ் பெண்கள் வருகிறார்கள், மீசை வைத்த பையன்கள் வருகிறார்கள். பெரியவர்கள் வந்தால் முதல் பேச்சே, "அக்கா, இது என் அக்கா மகளோடது" என்பதுதான். சரி என்று வாங்கி வைப்பேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "துணியை மாத்திராதீங்க, இருக்கிறதையே ஒட்டுப்போட்டுக் குடுங்க" என்பார். அக்கா மகள் பொம்மைக்கு எந்தச் சித்தியும் மாமனும் இவ்வளவு நிபந்தனை போட்டு நான் பார்த்ததில்லை.

துவைத்துத் தரட்டுமா என்று கேட்டால் இன்னும் பதறுவார்கள். இதற்குக் காரணம் உண்டு. டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வும் படித்தவர், 1953இல் வெளியான தன் கட்டுரையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மாவும் தானும் ஒன்று என்றிருக்கும் குழந்தை, தான் வேறு அம்மா வேறு என்று உணரத் தொடங்கும் காலத்தில் ஒரு துணியையோ பொம்மையையோ பற்றிக்கொள்கிறது. அது அழுக்கானாலும் நாறினாலும் தாய் அதை விட்டுவைக்கிறாள், துவைத்தால் குழந்தைக்கு அதோடு உள்ள தொடர்ச்சி அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும் என்கிறார். நம் வீடுகளில் அந்த இடத்தில் பொம்மையைவிட அம்மாவின் சேலைதான் அதிகம் இருந்திருக்கும். பலமுறை துவைத்து நைந்த சுங்குடிச் சேலையில் தொட்டில் கட்டிய வீடுகளில், தொட்டிலை விட்டு இறங்கிய பிறகும் அந்தச் சேலையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்! அதை யாரும் கெட்டுப்போனதாகச் சொன்னதில்லை.

மெத்தென்ற பொருளுக்கு ஏன் இந்தச் சக்தி என்பதற்கு 1950களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ செய்த சோதனையைச் சொல்ல வேண்டும். தாயைவிட்டுப் பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பி, மற்றொன்றின் மேல் மெத்தென்ற துணி. கம்பித் தாயிடம் மட்டும் பால் இருந்தபோதும், குட்டிகள் பசிக்கு அங்கே போய்க் குடித்துவிட்டு மீதி நேரமெல்லாம் துணித் தாயிடமே ஒட்டிக்கொண்டிருந்தன. பயமுறுத்தினாலும் ஓடியது துணித் தாயிடம்தான். (குட்டிகளை அப்படிப் பிரித்து வைத்தது கொடுமை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) சோறு போட்டால் பிள்ளை வளர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

வயதானவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் மறதி நோய் கண்ட ஓர் ஆத்தா இருக்கிறார். சாயங்காலம் ஆனால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வந்துவிடுவார், இருப்பது தன் வீடுதான் என்று சொன்னால் அழுவார். மருமகள் ஒரு துணிப் பொம்மையை மடியில் வைத்தாள். அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார். எல்லா நாளும் இல்லை, பல நாள். மகனுக்கு இது பிடிக்கவில்லை. "எங்க அம்மாவைப் பாப்பா ஆக்கிட்டீங்களே" என்றார். அவர் வருத்தத்திலும் நியாயம் உண்டு. அதனால்தான் யார் கையிலும் பொம்மையைத் திணிக்கக் கூடாது, பார்வையில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, எடுத்தால் எடுக்கட்டும் என்று விட வேண்டும். ஜப்பானில் இதற்கென்றே பாரோ என்று ரோபோ சீல் குட்டி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். தடவினால் சத்தம் கொடுக்கும், தலையைத் திருப்பும். மறதி நோயாளிகளின் இல்லங்களில் வைக்கிறார்கள். நமக்கு அதெல்லாம் வேண்டாம், பழைய துணியும் கொஞ்சம் பஞ்சும் போதும்.

பஞ்சு என்றதும் தொழில் புத்தி வருகிறது. போடி இலவம்பஞ்சு தொடுவதற்குச் சுகம், ஆனால் தண்ணீர் பட்டால் கட்டி தட்டும். துவைக்கிற பொம்மைக்கு ஃபைபர் பஞ்சுதான் சரி. சின்னப் பிள்ளை பொம்மைக்குப் பட்டன் கண் வைக்காதீர்கள், பிடுங்கி வாயில் போடும், நூலால் தைத்த கண்ணே போதும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் எந்தப் பொம்மையும் கூடாது, மூச்சடைக்கும். கடையில் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

பொம்மை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் கிடக்கிற பிள்ளையை டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அப்போதும் பொம்மையைப் பிடுங்குவது வைத்தியம் ஆகாது.

என் வாடிக்கையாளர் ஒருவரின் மகளை ஆறாம் வகுப்பில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். வார்டன் முதல் நாளே பொம்மையை வாங்கி ஆபீஸில் வைத்துவிட்டார், லீவுக்கு வரும்போது தருவதாகப் பேச்சு. அடுத்த முறை பார்க்கப் போன அம்மாவிடம் அந்தப் பிள்ளை கேட்டது, "உன் சேலை ஒண்ணு குடுத்துட்டுப் போ." ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஹாஸ்டல்களில் ஒரு பட்டியல் தருவார்கள். டிரங்குப் பெட்டி, வாளி, தட்டு, டம்ளர், போர்வை. அதில் 'விரும்பினால் ஒரு பொம்மை' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று ஹாஸ்டல் நடத்துகிறவர்களிடம் உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் காரணத்தையும் கேட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
வில்லாபுரம், மதுரை.