இடது கையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அன்புள்ள மருமகளுக்கு,

ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ நாவலைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். இயற்கையோடு, சமூகத்தோடு, தன்னோடு என்று போராட்டத்துக்கு மூன்று கட்டங்கள் போட்டு, நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்த நீ, கிழ மீனவர் சாந்தியாகோவின் இடது கையில் குரக்குவலி வரும் இடத்தில், “இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?” என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறாய். கட்டுரையிலேயே எனக்குப் பிடித்தது அந்த வரிதான்.

அந்தப் பக்கங்களை மறுபடி பார். தூண்டிலில் மாட்டிய பெரிய மார்லின் மீன் படகை இழுத்துப் போகிறது; கை மடங்கி இறுகிக்கொள்ள, கிழவர் அதை வேற்றாளை ஏசுவதுபோல் ஏசுகிறார்; பிறகு அதற்கு வலுச் சேரட்டும் என்று சூரை மீனைப் பச்சையாக அறுத்துத் தின்கிறார். உப்பில்லை, எலுமிச்சையில்லை. முன்பு தன்னோடு படகில் வந்த பையன் இருந்தால் தேய்த்துவிடுவானே என்றும் நினைக்கிறார். பையன் ஏன் இல்லை? முதல் 40 நாள் மீன் படாததால், ராசியில்லாத கிழவர் என்று சொல்லிப் பெற்றோர் அவனை வேறு படகுக்கு அனுப்பிவிட்டார்கள். கடல், ஊர், சொன்ன பேச்சைக் கேட்காத சொந்த உடம்பு மூன்றும் அந்த ஒரு கையில் இருக்கின்றன.

இன்னொன்று. கிழவர் கடலைப் பெண்பாலில் சொல்கிறார். சுறா ஈரல் விற்ற காசில் மோட்டார் படகு வாங்கிய இளைஞர்கள்தாம் ஆண்பாலில், எதிரி என்கிறார்கள். “இயற்கை என்னும் எதிரி” என்று நீ தொடங்கியிருப்பது அந்த இளைஞர்களின் பேச்சு. நெய்தல் பாட்டில் கடற்கரையையும் தலைவியின் இரங்கலையும் எதிரெதிரே நிறுத்தி நாம் படித்ததில்லையே!

1952-இல் வெளிவந்தது, மறு ஆண்டு புலிட்சர், 1954-இல் நோபல் என்பதற்கு இரண்டு பத்தி வேண்டாம். ஒரு வரி போதும். மாறாக, சுறாக்கள் மீனைத் தின்று தீர்த்தபின், தான் மிகத் தொலைவு போனதுதான் காரணம் என்று கிழவர் எண்ணும் இடத்தில் நின்று எழுது. அதை ‘தன்னோடு போராட்டம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய்; மீனே படாத 84 நாளும், மற்ற மீனவர்களின் கேலியும் அவரை அவ்வளவு தொலைவு தள்ளியதில் பங்கில்லையா?

அடுத்த வரைவை இடது கையிலிருந்து தொடங்கு. அட்டவணையைக் கிழித்துவிடாதே, தேர்வுக்கு முந்தின இரவு உதவும்.

அன்புடன்,
மாமா