மகாராணியும் அப்பாவின் சுண்ணாம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் எலிசபெத் மகாராணியார் கண்டிக்கு வந்த பழைய படங்களைப் பார்த்தேன். ஒரு பக்கம் 1954 பெரஹரா ஊர்வலமும் யானைகளும். மறுபக்கம் 1981 ஒக்டோபர் படம், கீழே 'சர்வஜன வாக்குரிமையின் பொன்விழாவுக்கு வந்தபோது' என்று ஒரு வரி. அதைப் படித்ததும் அப்பாவின் சுண்ணாம்புப் பீப்பாய்தான் ஞாபகம் வந்தது.

அந்த 1981இல் நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கி இரண்டாம் வருஷம். ராணி எங்கள் பக்கம் வந்தாலும் வரலாம் என்று யாரோ கதை கட்டிவிட, ரோட்டைப் பார்த்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, வெள்ளையடிக்க உத்தரவு. அதிலும் முன்சுவருக்கு மட்டும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் அடுப்புப் புகையில் கறுத்துக் கிடந்த பின்சுவரை யாரும் தொடவில்லை. அப்பாவும் இன்னும் மூன்று பேரும் சுண்ணாம்பு கரைத்தார்கள். மலைக்கு வேலைக்குப் போகாமலே முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுந்ததில் அவர்களுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.

"ராணி என்னத்துக்கு வாறாங்களாம்?" என்று அப்பா கேட்டார்.

"எல்லாருக்கும் ஓட்டுக் கெடச்சு அம்பது வருசமாம்பா."

கம்பால் கிண்டிக்கொண்டே, "எனக்கு ஒருவாட்டிதான் கெடச்சுச்சு" என்றார்.

அந்த ஒருவாட்டி 1947. தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் பல ஆசனங்களை வென்ற தேர்தல். அடுத்த வருஷமே தோட்டத்து ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் ஓட்டும் போயிற்று. 1954இல் மகாராணியார் வந்தது விருந்தாளியாக அல்ல, இலங்கையின் ராணியாகவே. 1972 வரை அப்படித்தான். பெரஹரா பார்த்த கண்டியைச் சுற்றியிருந்த மலைகளில் கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலானோர் அப்போது எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை.

ராணியின் கார் எங்கள் ரோட்டில் வரவேயில்லை. ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்து லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பெல்லாம் வெள்ளையாக ஓடியது. 2013இல் இளவரசர் சார்ள்ஸ் நுவரெலியாவில் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்ததை டீவியில் காட்டியபோதும் என் கண் சுவர்களைத்தான் தேடியது.

நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988 சட்டத்துக்குப் பிறகே அப்பாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியது. 1989 பெப்ரவரியில், 41 வருஷம் கழித்து, தன் இரண்டாவது ஓட்டைப் போட்டார். பெட்டியிலிருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு விடியவே போய் வரிசையில் நின்றவரிடம் "இன்னும் கதவே திறக்கலையே" என்றேன். "திறக்கட்டும்" என்றார்.

அந்த 1981 படத்தை இன்னொரு தடவை போடுவதானால், பொன்விழா நாளில் தோட்டத்து ஆட்கள் பலருக்கு ஓட்டு இல்லை என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கலஹா.