சின்ன ஹால் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பேப்பரோடு வருகிற வீட்டு இணைப்பை நான் ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவள். போன வாரம் ஹாலை எப்படி அமைப்பது என்று வந்ததையும் இரண்டு தடவை படித்தேன், எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற ஹாலுக்குள் எங்கள் வீடு மொத்தமும் அடங்கிவிடும். மூலையில் ஒரு பெரிய பூச்சாடி வைத்திருந்தார்களே, எங்கள் வீட்டில் அந்த மூலையில் என் தையல் மெஷின் இருக்கிறது. எங்களைப் போன்ற வீடுகளுக்கு யாரும் எழுதுவதில்லை என்பதால் எனக்குத் தெரிந்ததை நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது திருநெல்வேலி பேட்டையில், வாடகை வீடு. பத்துக்குப் பதினொன்றில் ஒரு ஹால், ஒரு ஆள் நின்று சமைக்கிற அளவுக்கு அடுக்களை, பின்னால் குளியலறை, அவ்வளவுதான். நான், வீட்டுக்காரர், அத்தை, இரண்டு பிள்ளைகள். காலையில் அந்த ஹாலில்தான் அத்தை சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்து பீடி சுற்றுவார், அவருக்கு எதிரே நான் ஜாக்கெட் தைப்பேன், சாயங்காலம் பிள்ளைகள் அதே இடத்தில் படிக்கும், ராத்திரி அஞ்சு பேரும் அங்கேயே பாய் விரித்துப் படுப்போம். விருந்தாள் வந்தால் அவர்களுக்கும் அதே இடம்தான். ஒரே நாளில் நாலு விதமாக மாறவேண்டிய இடத்தில் ஒரு சாமான் நகராமல் கிடந்தாலும் அன்றைக்கு முழுவதும் எரிச்சல்தான், சண்டைதான்.

என் ஆச்சி வீடு டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு வளவுக்குள் இருந்தது. அகலம் இல்லாமல் நீளவாக்கில் போகும் வீடு. முன்னால் தார்சா என்கிற திண்ணைப் பகுதி, அடுத்து பட்டாசல் என்கிற ஹால், அப்புறம் அரங்கு என்கிற உள்ளறை, அடுக்களை, கடைசியில் புறவாசல். எட்டு பேர் இருந்த வீடு, ஆனால் பட்டாசலில் நுழைந்தால் தரை காலியாக இருக்கும். இப்போது யோசித்துப் பார்த்தால்தான் காரணம் தெரிகிறது. சாமான் எல்லாம் சுவருக்குள்ளும் தலைக்கு மேலும் இருந்தன. சுவர் அவ்வளவு கனம், அதற்குள்ளேயே விளக்கு வைக்கிற மாடாக்குழி, பலகை வைத்த அலமாரி. பாய் எல்லாம் சுருட்டி உத்திரத்தில் இருந்து தொங்குகிற கயிற்றில் கிடக்கும். மாற்றுத்துணி கொடியில், பால் தயிர் உறியில், வருஷத்துக்கு ஒருதரம் எடுக்கிற சாமான் பரணில். உட்காருவதற்கு என்று இருந்த ஒரே ஒரு மரப்பெட்டிக்குள்ளும் ஆச்சியின் சேலைகள் இருந்தன. பத்தமடைப் பாய் விருந்தாள் வந்தால் மட்டும் இறங்கும், அவர்கள் போனதும் சுருண்டு மேலே போய்விடும். தரை ஆட்களுக்கு, சாமானுக்கு இல்லை என்பது அங்கே யாரும் சொல்லாமலே நடந்தது.

எங்கள் வீட்டில் அது தலைகீழாகப் போனது என் கல்யாணத்தில். அப்பா கடன் வாங்கி சீர்ச் சாமான் வாங்கினார். பீரோ, கட்டில், டிவி, அதோடு ஒரு சோபா செட். மூன்று பேர் உட்காருகிற சோபா ஆறடி நீளம் இரண்டரை அடி அகலம், ஒற்றை நாற்காலி இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரைக்கு இரண்டரை. கூட்டிப் பாருங்கள், இருபத்தேழரை சதுர அடி. நூற்றுப்பத்து சதுர அடி ஹாலில் சரியாகக் கால்வாசி. அதற்கு மேல் பீரோ, கட்டில். வாங்கும்போது மாப்பிள்ளை வீட்டு ஹால் எத்தனை அடி என்று எங்கள் பக்கமும் கேட்கவில்லை, அவர்கள் பக்கமும் சொல்லவில்லை. ஆறு வருஷம் அந்த சோபாவைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். பெண்ணைப் பெற்றவர்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது இதைத்தான், சீர் வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டை அளந்துவிட்டு வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசியில் சோபாவையும் கட்டிலையும் விற்றோம். அத்தைக்கு மனசே இல்லை, ஊர் என்ன சொல்லும் என்றார். அந்தக் காசில் ஒரு ஆசாரியிடம் பழைய கதவுப் பலகையைக் கொடுத்து ஒரு பெட்டி பெஞ்சு செய்யச் சொன்னேன். ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அவர் முதலில் மேல்மூடி வைக்கத்தான் பார்த்தார், எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். நான் வேண்டாம் என்று சொல்லி முன்பக்கம் இரண்டு கதவு வைக்கச் சொன்னேன். மேல்மூடி என்றால் உள்ளே இருந்து ஒரு தலையணை எடுக்கக்கூட உட்கார்ந்திருக்கிறவரை எழுப்பவேண்டும், அதற்குச் சோம்பல் பட்டு எல்லாவற்றையும் வெளியிலேயே போட்டு வைப்போம். முன்கதவு என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. அஞ்சு பேருடைய போர்வை, தலையணை அவ்வளவும் அதற்குள் போகிறது. மூன்று பேர் தாராளமாக மேலே உட்காரலாம். நாலு மூலையிலும் நாலு இஞ்சு உயரத்துக்குக் கட்டை வைத்திருப்பதால் அடியில் விளக்குமாறு போகும், கரையானும் சட்டென்று ஏறாது.

வாடகை வீட்டில் பெரிய தொல்லை ஆணி. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற ஓனர் அண்ணாச்சி நல்லவர்தான், ஆனால் சுவரில் ஆணி அடிப்பதைப் பொறுக்கமாட்டார். அதனால் இரும்பு ஆங்கிள் ரேக் ஒன்று வாங்கினோம், கடைகளுக்கும் குடோனுக்கும் போடுவார்களே அதுதான். ஒரு அடி ஆழம், ஏழு அடி உயரம். ஆழம் அதிகமாக வாங்காதீர்கள். ஒன்றரை அடி, இரண்டு அடி என்று போனால் முன்னால் ஒரு வரிசை பின்னால் ஒரு வரிசை என்று ஆகிவிடும், பின்வரிசையில் இருப்பது நமக்கு மறந்தே போகும், இருக்கிற சாமானையே மறுபடி கடையில் வாங்குவோம். அந்த ரேக்கின் தட்டுகளை போல்ட்டைக் கழற்றி வேண்டிய உயரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், வீடு மாறும்போது பிரித்துக் கட்டி எடுத்துப்போகலாம். ஒரே ஒரு விஷயம், உயரமான ரேக்கையும் பீரோவையும் சும்மா நிறுத்தாதீர்கள். சின்னப் பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறும், அப்படியே மேலே சாயும். எங்கள் ரேக்கை ஜன்னல் கம்பியோடு இரண்டு இடத்தில் கட்டு கம்பி போட்டு முறுக்கியிருக்கிறேன். கனமானது கீழ்த்தட்டில், லேசானது மேலே. முன்னால் பழைய வாயில் சேலையைத் தைத்துத் திரையாக விட்டுவிட்டால் பார்வைக்கும் நன்றாக இருக்கும், தூசியும் படாது.

எது எந்த உயரத்தில் என்பதை யோசித்துத்தான் வைக்கவேண்டும். அத்தைக்கு மூட்டுவலி, குனியவும் முடியாது, எட்டவும் முடியாது. அவருடைய சுளகு, கத்தரி, நூல், அளவுத் தகடு எல்லாம் இடுப்பு உயரத்தில். பீடி இலையை நனைத்துச் சுற்றி வைப்பதால் அதில் எப்போதும் ஈரம் இருக்கும், அதைப் புத்தகம் துணி இருக்கிற பக்கம் விடக்கூடாது, தனி வாளியில் அடுக்களை வாசல் பக்கம். புகையிலைத் தூளுக்கு மூடி இறுக்கமான தகர டின், அது மேல்தட்டில், பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில். முன்பு தூள் பொட்டலம் திறந்தபடி தரையில் இருக்கும், ராத்திரி அதே தரையில் பிள்ளைகள் படுத்து இருமிக்கொண்டு கிடக்கும். டின்னுக்கு மாற்றி, வேலை முடிந்ததும் ஈரத்துணியால் தரையைத் துடைக்க ஆரம்பித்தபிறகு அந்த இருமல் குறைந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் வீடுகளில் ஹாலே பீடிக்கூடம். முக்கூடல், மேலப்பாளையம், பேட்டை என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் பார்க்கலாம். ஹால் அமைப்பு பற்றி எழுதுகிற யாராவது இந்த சுளகுக்கும் தூளுக்கும் இடம் சொல்லியிருக்கிறார்களா?

கதவுக்கு மேலே இருக்கிற இடத்தையும் பாருங்கள். நிலை ஏழு அடி, சீலிங் பத்து அடி என்றால் நடுவில் மூன்று அடி வெறும் சுவர். பிறகு காலி செய்யும்போது பட்டி பார்த்து வெள்ளையடித்துத் தருகிறேன் என்று சொல்லி அண்ணாச்சியிடம் அனுமதி வாங்கி, அங்கே ஒரே ஒரு பலகை போட்டோம். டிரில் போட்டு பிளக் வைத்து ஸ்குரு முடுக்கியது. வெறும் ஆணி நிற்காது, அதுவும் உள்ளே பொள்ளலாக இருக்கிற கல்லில் கட்டிய சுவர் என்றால் ஒரு மாதத்தில் பலகை தலையில் விழும். கதவுக்குப் பின்னால் கொக்கி மாட்டி பள்ளிக்கூடப் பை, குடை, என் தையல் அளவு டேப் எல்லாம் தொங்குகிறது. துணிகளுக்கு அத்தை ஊரில் இருந்து கொண்டுவந்த நார்ப்பெட்டிகள் வைத்திருக்கிறோம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், காற்று போகும், பிளாஸ்டிக் டப்பாவில் போல மழைக்காலத்தில் துணி முசுக்கென்று நாறாது. கொஞ்சம் வசம்பு போட்டால் பூச்சியும் வராது.

ஏமாந்ததையும் சொல்லவேண்டும். ஒரு கடையில் பார்க்கப் பளபளவென்று இருந்த டிவி ஸ்டாண்டை ஆசைப்பட்டு வாங்கினேன். மரம் என்றுதான் சொன்னார்கள். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் பட்டதும் அடிப்பக்கம் அப்பம் மாதிரி உப்பி, ஸ்குரு எல்லாம் கையோடு வந்துவிட்டது. மரத்தூளைப் பசையோடு அமுக்கிச் செய்த பலகை அது, தண்ணீர் பட்டால் அவ்வளவுதான். காசு குறைவு என்றால் பழைய மரமோ இரும்போ வாங்குங்கள். எந்த அலமாரியானாலும் சுவரை ஒட்டி நிறுத்தாமல் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். மேற்கு ஜன்னலை மட்டும் பீரோ வைத்து அடைத்துவிடாதீர்கள். ஆனி ஆடியில் நமக்கு வருகிற காற்று அந்த வழியாகத்தான் வருகிறது, அதை அடைத்துவிட்டு அஞ்சு பேர் அந்த ஹாலில் படுக்க முடியாது.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை மழையை நம் ஊரில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். என் மதினி வீடு மீனாட்சிபுரத்தில். ராத்திரி ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிவீட்டுக்கு ஓடத்தான் நேரம் இருந்தது. அவள் எல்லா தஸ்தாவேஜையும் டிரங்குப் பெட்டியில் போட்டு கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். மார்க் ஷீட், ரேஷன் கார்டு, பத்திரம், கல்யாண போட்டோ எல்லாம் சேறு. கட்டிலுக்கு அடியில் வைப்பதுதான் இடத்தை மிச்சம் பிடிக்க முதல் யோசனை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தாமிரபரணிக் கரையில் இருக்கிறவர்கள் அங்கே போர்வை வைக்கலாம், செருப்பு வைக்கலாம், காகிதத்தை வைக்கவே கூடாது. இப்போது அவள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் எல்லாக் காகிதமும் ஜிப் வைத்த ஒரே பைக்குள், கதவுக்கு மேல் இருக்கிற பலகையில். அந்த ஒரு பையை எடுத்துக்கொண்டு ஓடலாம்.

பரண் பற்றி ஒன்று. எங்கள் அடுக்களைப் பரணில் அத்தையின் சீர்ப் பாத்திரங்கள் முப்பது வருஷமாகக் கிடந்தன. இறக்கி எடைக்குப் போடலாம் என்று நான் ஆரம்பித்ததும் குத்துப்போணி என்கிற ஒரு பெரிய பித்தளைப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஏட்டி, இதை மட்டும் தொடாத, எங்க அம்மை குடுத்தது" என்று அழுதுவிட்டார். அதை எப்படிக் கொடுக்க முடியும்? அந்தப் போணியையும் ஒரு அண்டாவையும் வைத்துக்கொண்டோம், அவற்றுக்குள் கம்பளியும் கொலு பொம்மையும் போட்டு மேலே ஏற்றிவிட்டோம். மற்றதை எல்லாம் அவரே பிரித்து, சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுத்தார். அவரிடம் கேட்காமல் நான் செய்திருந்தால் அந்த வீட்டில் எவ்வளவு இடம் கிடைத்தும் பிரயோஜனம் இல்லை.

இப்போது உங்களிடம் கேட்பது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கிராமங்களில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள், பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கிராமத்து வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிகூட வராது. இப்படி வீடு கட்டுகிறவர்கள் சுவர் எழுப்பும்போதே கொத்தனாரிடம் சொல்லி, ஜன்னல் கதவுக்கு மேல் லிண்டல் என்கிற கான்கிரீட் விட்டம் போடுகிற மட்டத்திலேயே இரண்டு அடி அகலத்துக்குப் பரண் சேர்த்துப் போட்டுவிடலாம், ஹால் மூலையில் கடப்பாக்கல் தட்டு நாலு பதித்துவிடலாம். அப்போதே செய்தால் கம்பியும் சிமெண்டும் கொஞ்சம்தான் கூடும். கட்டி முடித்துப் பூசியபிறகு சுவரைக் கொத்தினால் செலவும் அதிகம், சுவரும் கெடும். என் தம்பிக்கு போன வருஷம் வீடு வந்தபோது இது தெரியாமல் விட்டுவிட்டான், இப்போது அவன் வீட்டு ஹாலில் அரிசி மூட்டைமேல் பிள்ளை உட்கார்ந்து படிக்கிறது. திட்டத்தின் வரைபடத்திலேயே பரணும் சுவர் அலமாரியும் இருக்கவேண்டும் என்று அதிகாரிகள் காதில் விழுகிறமாதிரி நீங்கள் எழுதவேண்டும்.

இணைப்பில் மாதத்துக்கு ஒரு பக்கமாவது முந்நூறு சதுர அடி வீட்டுக்கு ஒதுக்குங்கள். படம் வேண்டும் என்றால் ஆள் அனுப்புங்கள், எங்கள் ஹாலைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். காலை பதினொரு மணிக்கு வந்தால் நல்லது, அப்போதுதான் அத்தை பீடி சுற்றிக்கொண்டும் நான் தைத்துக்கொண்டும் இருப்போம், எல்லாச் சாமானும் அததன் இடத்தில் இருப்பதைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பேட்டை, திருநெல்வேலி.